கார் கண்ணாடியில் சன் ஃபிலிம்: குமிழி, தூசி, அபராதம் இன்றி ஒட்டுவது எப்படி?

புதுடெல்லி: வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்ட காரின் கதவைத் திறந்தவுடன் முகத்தில் அறையும் அனல், கண்ணாடிகளில் சன் ஃபிலிம் ஒட்டலாமா என்ற எண்ணத்தை எவருக்கும் ஏற்படுத்தும். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான நாட்டில் இந்த எண்ணம் இயல்பானதே. ஆனால், ஒட்டிய சில மாதங்களில் குமிழி எழுந்து, ஓரம் உரிந்து, ஊதா நிறமாக வெளுத்துப்போன ஃபிலிமுடன் ஓடும் கார்களையும் சாலைகளில் அன்றாடம் காண முடிகிறது. நன்றாக ஒட்டப்பட்டிருந்தும் சட்ட வரம்பை மீறியதற்காக அபராதம் செலுத்துவோரும் உள்ளனர்.

இவ்விரு இழப்புகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஃபிலிமின் தரம் அன்று. ஃபிலிம் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய இரு வேலைகள் விடுபட்டுப் போவதே காரணம். ஒன்று, கண்ணாடியின் ஒளி ஊடுருவும் அளவைக் கணக்கிடுவது. மற்றொன்று, கண்ணாடியையும் சுற்றுப்புறத்தையும் தூசியின்றித் தூய்மை செய்வது.

சட்டம் சொல்வது என்ன?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி இதற்கான அளவை வரையறுக்கிறது. முன்புற மற்றும் பின்புறக் கண்ணாடிகளின் வழியே குறைந்தது 70 சதவீத ஒளியும், பக்கவாட்டுக் கண்ணாடிகளின் வழியே குறைந்தது 50 சதவீத ஒளியும் ஊடுருவ வேண்டும் என்பதே அந்த வரம்பு.

அவிஷேக் கோயங்கா தொடர்ந்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்த விதியை மேலும் இறுக்கமாக்கியது. கண்ணாடி தயாரிக்கப்படும்போதே அதற்குரிய நிறம் சேர்க்கப்படலாம். ஆனால், பின்னர் வெளியிலிருந்து வாங்கி ஒட்டப்படும் கறுப்பு ஃபிலிமுக்கு, அதன் ஒளி ஊடுருவும் அளவு எதுவாக இருப்பினும், அனுமதி இல்லை என்று நீதிமன்றம் கூறியது. 2012 மே 4 முதல் இத்தடை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பிரிவில் உள்ளவர்களின் வாகனங்களுக்கு மட்டும் உரிய குழுவின் ஒப்புதலுடன் விலக்கு அளிக்க வழி வகுக்கப்பட்டது. கறுப்புக் கண்ணாடி கொண்ட வாகனங்கள் குற்றச் செயல்களுக்குப் பயன்படுத்தப்படுவதைத் தடுப்பதே இவ்வழக்கின் மையமாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின்னர், கறுப்பு ஃபிலிமும் திரைச்சீலையும் கொண்ட பேருந்துகள் பறிமுதல் செய்யப்படும் என்று அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டே அறிவித்தார்.

பின்னர் விதியில் மாற்றம் வந்தது. 2020-ல் அறிவிக்கப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதுகாப்புக் கண்ணாடியுடன் 'பாதுகாப்பு கிளேசிங்' பொருளும் 100-வது விதியில் சேர்க்கப்பட்டது. உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் பொருத்தப்பட்ட கண்ணாடியும் இவ்வகைக்குள் அடங்கும். இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2553 இரண்டாம் பகுதி ஆகும். இத்திருத்தத்தின் அடிப்படையில், வரையறுக்கப்பட்ட ஒளி அளவுக்கு உட்பட்ட ஃபிலிமை வாகன உரிமையாளர்கள் பொருத்தலாம் என்றும், அதற்காக அபராதம் விதிக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றும் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். நகரேஷ் தீர்ப்பளித்தார். 70 மற்றும் 50 சதவீத வரம்புகளில் எந்தத் தளர்வும் இல்லை.

ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அந்த மாநில அதிகாரிகளையே நேரடியாகக் கட்டுப்படுத்தும்; பிற மாநிலங்களில் அது மேற்கோளாக எடுத்துவைக்கத்தக்கது மட்டுமே. ஆகவே, கேரளத்துக்கு வெளியே உள்ளவர்கள் பணம் செலவிடுவதற்கு முன் தங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிலைமையைக் கேட்டறிவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவின் கீழ், பொதுவான விதிமீறல்களுக்கு முதல் முறை 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஃபிலிமை அந்த இடத்திலேயே உரித்தெடுக்கச் சொன்னால், ஒட்டுவதற்குச் செலவிட்ட முழுத் தொகையும் வீணாகும்.

50 சதவீத ஃபிலிம் 50 ஆகாது

கடைகளில் அதிகம் நிகழும் தவறு இதுதான். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு 50 சதவீதம் அனுமதி என்றவுடன், 50 சதவீத ஃபிலிமைத் தேர்ந்தெடுத்து ஒட்டிவிடுகின்றனர். ஆனால், சட்டம் அளப்பது ஃபிலிமை மட்டும் அன்று. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்த அளவையே அளக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் கண்ணாடி முழுத் தெளிவுடன் இருப்பதில்லை. பெரும்பாலான கார்களில் இலேசான பச்சை நிறம் கலந்த கண்ணாடியே பொருத்தப்படுகிறது. அக்கண்ணாடி 75 சதவீத ஒளியை விடுவதாகக் கொள்வோம். அதன்மீது 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால், 75-ல் பாதியான 37.5 சதவீத ஒளி மட்டுமே உள்ளே வரும். இது சட்ட வரம்புக்குக் கீழ். அதே கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மொத்த அளவு 52.5 சதவீதம். இது வரம்புக்கு உட்பட்டது.

முன்புறக் கண்ணாடியில் கணக்கு இன்னும் நெருக்கமானது. கண்ணாடி 78 சதவீத ஒளியை விடுமானால், ஃபிலிம் 90 சதவீத ஒளியை விட்டால்தான் மொத்தம் 70-ஐத் தொடும். ஆகவே, முன்புறத்துக்கு ஏறத்தாழ நிறமற்ற ஃபிலிம் மட்டுமே பொருந்தும். ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒளிமானி கொண்டு அளந்து காட்டுமாறு கடையில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. மானியே இல்லாத கடை, கணக்கிடாமல்தான் ஒட்டுகிறது.

கறுப்பு அதிகமானால் குளிர்ச்சி அதிகமா?

இல்லை. பூமியை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் மறைக்கும் கறுப்பு ஃபிலிம், அனலின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடக்கூடும். வாங்கும்போது கேட்க வேண்டியது 'எத்தனை கறுப்பு' என்பதை அன்று. 'மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறது' என்பதையே.

ஃபிலிம்களில் நான்கு வகைகள் பரவலாக உள்ளன. சாயம் ஏற்றப்பட்ட ஃபிலிம் விலை குறைந்தது. ஆனால், வெயிலில் சாயம் சிதைந்து ஊதா நிறத்துக்கு மாறுவது பெரும்பாலும் இவ்வகையே. உலோகப் பூச்சு ஃபிலிம் வெப்பத்தை நன்கு தடுக்கும், ஆனால், ஜி.பி.எஸ்., கைப்பேசி, ஃபாஸ்டேக் ஆகியவற்றின் அலைகளுக்கு இடையூறாகலாம். கார்பன் ஃபிலிம் எளிதில் வெளுப்பதில்லை. செராமிக் ஃபிலிம் அதிக ஒளியை உள்ளே விட்டு, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதால், இந்திய வரம்புக்குள் வெப்பத்தைக் குறைக்க விரும்புவோருக்குப் பொருத்தமானது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

முன்புறக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் ஃபாஸ்டேக் அட்டையை உரித்து மீண்டும் ஒட்ட முடியாது; உரித்தால் அது செயலிழக்கும். ஆகவே, முன்புறத்தில் ஃபிலிம் ஒட்டுவதாயின் அட்டையைச் சுற்றியுள்ள பகுதியை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தூசியே முதல் எதிரி

ஃபிலிமின் பசைப் பரப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே சிக்கும் ஒரு மணல் துகள், கண்ணுக்குக் கடுகளவு குமிழியாகத் தெரியும். துகளைச் சுற்றி ஃபிலிம் கூடாரம் போல எழும்பி நிற்பதே இதற்குக் காரணம். எத்தனை நாள் காத்திருந்தாலும் இது மறையாது. எனவே, வேலையின் பெரும்பகுதி நேரம் தூய்மைக்கே செலவாக வேண்டும்.

சாலையோர மர நிழல் இவ்வேலைக்கு ஏற்ற இடம் அன்று. சுவரும் கதவும் உள்ள கூடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும். காரை முந்தைய நாளே கழுவி, உட்புறத்தை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்து வைப்பது நல்லது. ஒட்டும் நேரத்தில் இருக்கையைத் தட்டினால் பறக்கும் தூசி நேராகப் பசையில் போய் அமரும். நூல் உதிரும் துணிகளையும் கம்பளி உடைகளையும் தவிர்க்க வேண்டும். கண்ணாடி கையால் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் வேலையைத் தொடங்கக் கூடாது. ஃபிலிமை நகர்த்திச் சரிசெய்வதற்குள் நீர் உலர்ந்துவிடும்.

தெளிப்பதற்கான நீரும் முக்கியமானது. போர்வெல் நீரில் உள்ள உப்பு, ஃபிலிமுக்கு அடியில் உலர்ந்து வெண்திட்டுகளாகப் படியும். வடிகட்டிய நீர் அல்லது டிஸ்டில்டு வாட்டரில் ஒரு லிட்டருக்குச் சில துளிகள் குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்தால் போதும். ஷாம்பு கூடினால் பசையின் பிடிப்பு குறையும். மிகக் குறைந்தால் ஃபிலிம் வழுக்காமல், வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடியின் உட்புறத்தில் இந்நீரைத் தாராளமாகத் தெளித்து, புதிய பிளேடு பொருத்திய சுரண்டியால் முழுப் பரப்பையும் ஒரே திசையில் சுரண்ட வேண்டும். கைக்குத் தெரியாத பழைய பசை, பெயின்ட் துளி, ஸ்டிக்கர் எச்சம் ஆகியவை அப்போதுதான் நீங்கும். கண்ணாடியைச் சற்று இறக்கி, வழக்கமாக ரப்பருக்குள் மறைந்திருக்கும் மேல் விளிம்பையும் துடைக்க வேண்டும். கதவின் ரப்பர் பீடிங்குக்குள் இருக்கும் மண்ணே பெரும்பாலான தூசிக் குமிழிகளுக்குக் காரணம். அதை நீர் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும்.

பின்புறக் கண்ணாடியில் டீஃபாகர் கோடுகள் இருந்தால் அங்கே பிளேடு கூடவே கூடாது. ஒரு கோடு அறுந்தாலும் அந்தப் பகுதியில் படியும் பனிமூட்டம் பின்னர் நீங்காது. மென்மையான ஸ்பாஞ்சு கொண்டு கோடுகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

ஃபிலிம் உட்புறத்தில் ஒட்டப்படுவது. ஆனால், அளவு எடுப்பது வெளிப்புறத்தில். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் தெளித்து, பசையை மூடியுள்ள பாதுகாப்புத் தாள் தம்மை நோக்கி இருக்குமாறு ஃபிலிமை விரிக்க வேண்டும். எது பாதுகாப்புத் தாள் எனத் தெரியாவிட்டால், ஒரு மூலையின் இருபுறமும் செலோடேப் துண்டுகளை ஒட்டி எதிரெதிராக இழுத்தால் தாள் பிரிந்துவிடும். கீழ்ப்புறம் பீடிங்குக்குள் செல்வதற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, மேல் விளிம்பில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி அமையும்படி வெட்ட வேண்டும். ஃபிலிம் கண்ணாடியின் நுனி வரை சென்றால், கண்ணாடியை ஏற்றி இறக்கும்போது ரப்பரில் உரசி உரியத் தொடங்கும்.

வளைவு அதிகமுள்ள பின்புறக் கண்ணாடியில் தட்டையான ஃபிலிம் நேராகப் படியாது. வெளிப்புறத்தில் வைத்தே ஹீட் கன்னின் வெப்பக் காற்றால் சுருக்கி வளைவுக்குப் பழக்கிய பின்னரே உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். ஃபிலிம் தன் சுருளின் நீளவாக்கிலேயே நன்கு சுருங்கும். ஆகவே, அந்த நீளவாக்கு மேலிருந்து கீழாக வருமாறு விரித்து, மடிப்புகளை மேல், கீழ் விளிம்புகளுக்கு ஒதுக்கிச் சிறிது சிறிதாகச் சூடேற்ற வேண்டும். ஒரே இடத்தில் வெப்பத்தை நிறுத்தினால் ஃபிலிம் பொசுங்கும். கண்ணாடியே விரிசல் விடவும் கூடும். முதன்முறையாக முயல்வோர் சிறிய, தட்டையான பக்கவாட்டுக் கண்ணாடியில் தொடங்கி, பின்புறக் கண்ணாடியைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஒட்டும் கட்டத்தில் பக்கவாட்டுக் கண்ணாடியை ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் இறக்கிவைக்க வேண்டும். கைகளை நனைத்துக்கொண்டு, பாதுகாப்புத் தாளை மேலிருந்து பாதி வரை உரிக்க வேண்டும். உரிக்க உரிக்க, வெளிப்படும் பசைப் பரப்பின்மீது நீரைத் தொடர்ந்து தெளிக்க வேண்டும். உலர்ந்த பசை காற்றிலுள்ள தூசியை ஈர்க்கும். கண்ணாடியையும் மீண்டும் நனைத்து, ஃபிலிமை வைத்து, மேல் விளிம்பைச் சரியாகப் பொருத்திய பிறகு ரப்பர் ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரைத் தள்ள வேண்டும். பின்னர் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, மீதித் தாளை உரித்து, கீழ்ப்பகுதியைப் பீடிங்குக்குள் செருகி அதே முறையில் நீரை வெளியேற்ற வேண்டும்.

ஸ்க்வீஜி ஓட்டும்போது ஃபிலிமின் வெளிப்பரப்பும் ஈரமாக இருந்தால் கீறல் விழாது. ஓரங்களில் தேங்கும் நீரை, காகித டவல் சுற்றிய கெட்டியான அட்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். ஓரத்தில் எஞ்சும் நீர்தான் பின்னர் உரிதலின் தொடக்கப் புள்ளியாகிறது.

இந்த நிமிடங்களில் தூசித் துகள் தென்பட்டால், தயங்காமல் அந்தப் பகுதியை மட்டும் தூக்கி, நீர் தெளித்து, செலோடேப்பின் நுனியால் துகளைத் தொட்டு எடுத்துவிடலாம். பசை பிடித்த பிறகு அதற்கு வாய்ப்பில்லை.

எந்தக் குமிழி மறையும்?

வேலை முடிந்த மறுநாள் கண்ணாடி மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் தெரிந்தால் பதற்றம் வேண்டாம். அழுத்தினால் நகரும் மங்கலான பைகள் நீர்த் தேக்கங்கள். சில நாள் முதல் சில வாரங்களுக்குள் அவை ஆவியாகி மறையும். கோடையில் விரைவாகவும், ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் மெதுவாகவும் இது நடக்கும். ஒரு மாதம் வரை பொறுக்கலாம். தெளிவான விளிம்புடன், உள்ளே எதுவுமின்றித் தெரிவது காற்றுக் குமிழி. முதல் நாளில் மட்டுமே அதை ஸ்க்வீஜியால் தள்ளி வெளியேற்ற இயலும். விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவது தூசி. கோடாக மடிந்திருப்பது மடிப்பு. இவ்விரண்டும் மறையா, அந்தக் கண்ணாடிக்குப் புதிய ஃபிலிம்தான் தீர்வு.

'எல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்' என்ற கடைக்காரரின் உறுதிமொழி நீர்த் தேக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். காரைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே ஒவ்வொரு கண்ணாடியையும் உள்ளிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்து, கெட்டியான புள்ளிகளையும் மடிப்புகளையும் சுட்டிக்காட்டிவிட வேண்டும்.

ஒட்டிய பின் கவனம்

குறைந்தது மூன்று முதல் ஐந்து நாட்களுக்குக் கண்ணாடியை இறக்கக் கூடாது. வீட்டிலுள்ள மற்றவர்களும் மறந்துபோய் இறக்கிவிடாதிருக்க, பவர் விண்டோ சுவிட்சின்மீது ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பது எளிய வழி. சில வாரங்களுக்கு உட்புறத்தைத் துடைக்க வேண்டாம். அதன் பின்னரும் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவங்களைத் தவிர்த்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியும் சோப்பு நீரும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அம்மோனியா ஃபிலிமின் சாயத்தையும் பசையையும் சிதைக்கும்.

பழைய ஃபிலிமை அகற்ற நேர்ந்தால், உலர்ந்த நிலையில் பிய்க்கக் கூடாது. பசை முழுவதும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பின்புறத்தில் டீஃபாகர் கோடுகளும் சேர்ந்து வந்துவிடும். நீராவியால் சூடேற்றி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக, ஒரே துண்டாக உரிப்பதே பாதுகாப்பானது.

இரவில் ஒரு சோதனை

ஃபிலிம் ஒட்டிய முதல் இரவு, விளக்கு குறைந்த தெருவில் காரை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடி வழியே ரியர்வியூ கண்ணாடிகளும், கறுப்பு உடையணிந்து நடந்து செல்பவரும், விளக்கில்லாத மிதிவண்டியும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். தெரியவில்லையெனில், குமிழி ஒன்றுகூட இல்லாத ஃபிலிமாயினும் அது அகற்றப்பட வேண்டியதே. 70, 50 என்ற வரம்புகள் வெளியிலிருந்து பார்க்கும் காவலருக்காக மட்டும் வகுக்கப்பட்டவை அல்ல. உள்ளிருந்து சாலையைப் பார்க்கும் ஓட்டுநருக்கும் உரியவை.

ஃபிலிமின் வகை, ஒளி ஊடுருவும் அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவை குறிப்பிடப்பட்ட ரசீதையும், தரச் சான்றின் நகலையும் வாகன ஆவணங்களுடன் வைத்திருப்பது நல்லது. சாலையில் சோதனை நடக்கும்போதும், பின்னாளில் ஃபிலிம் உரிந்து கடைக்காரரிடம் செல்லும்போதும் பயன்படுவது அந்த ஆவணங்களே.